தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்

காஞ்சிபுரத்தில் வழி கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. வெளியூர் வேன் ஒன்று வந்து நிற்கும். டிரைவர் கண்ணாடியை இறக்கி ஒரு கோயில் பெயரைச் சொல்வார். டீ குடிப்பவர் ஒரு பக்கம் கை காட்டுவார், பூ கட்டுகிறவர் இன்னொரு பக்கம். பைக்கில் போகிறவர் வண்டியை நிறுத்தி இரண்டுமே தப்பு என்று மூன்றாவதாக ஒரு வழியைச் சொல்லிவிட்டுப் போவார். வேன் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். இந்த ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு கோயில் வரத்தான் செய்யும்.

அந்த அக்காவை நான் முதலில் பார்த்தது அப்படி ஒரு வேன் முன்னால்தான். சின்ன காஞ்சிபுரத்தில் நான் வேலை செய்த சேலை டிசைன் சென்டரின் மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தார். டிரைவர் அவரிடம் வழி கேட்டான்.

"தெரியலப்பா. அந்தப் பக்கம் நான் போனதில்ல. கடையில கேளு."

டிரைவர் ஒரு நொடி அவரையே பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான். நான் உடனே கை காட்டினேன். வேன் போன பிறகு அவர் என்னிடம், "அந்தக் கோயிலு அங்கதான் இருக்குதா?" என்றார். "அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றேன். வேன் திரும்பிய மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியேறும்போது எனக்கு என்னவோ போல் இருந்தது.

அவர் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பதுதான் வேலை. பத்துப் பதினைந்து கடைகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், எங்கள் சென்டர் என்று ஊருக்குள் அவருக்கு வாடிக்கை இருந்தது. எல்லோருக்கும் 'சிஸ்டம் அக்கா.' நாற்பத்தைந்து வயது இருக்கும். துணிக்கடைப் பை ஒன்றில் வயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். ஸ்க்ரூ டிரைவர்கள் பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிறவரை போனை எடுக்க மாட்டார்.

எதைக் கேட்டாலும் முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். கம்ப்யூட்டர் ஏன் ஆன் ஆகவில்லை? தெரியல, பாத்துட்டுச் சொல்றேன். எப்போது சரியாகும்? தெரியல. நாளைக்குள் ஆகுமா? தெரியல. வெட்கப்பட்டுக்கொண்டோ தலையைச் சொறிந்துகொண்டோ சொல்ல மாட்டார். மணி என்ன என்று கேட்டால் மணி சொல்வதுபோல் சொல்வார். கேட்டவருக்குத்தான் சங்கடமாக இருக்கும். "இன்னாம்மா இது, டாக்டரே தெரியலன்னா எப்பிடி?" என்று பக்கத்துத் துணிக்கடைக்காரர் ஒரு தடவை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஏற்கனவே சிபியுவைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

தெரியல என்றதை அவர் அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. கையில் ஒரு நோட்டு உண்டு, அதில் எழுதிக்கொள்வார். பதினாறு ஜிபி என்று போட்டிருக்கிற பென் டிரைவில் ஏன் பதினாலுதான் காட்டுகிறது என்று ஒருநாள் சும்மா கேட்டேன். மூன்று வாரம் கழித்து, நான் கேட்டதையே மறந்திருந்தபோது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே அதற்குப் பதில் சொன்னார். விற்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறாராம், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணுகிறதாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மூன்று வாரம் ஒருவர் என் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார் என்பது புரிந்தது.

அவர் கணவரை ஒரே ஒரு முறைதான் அப்போது பார்த்திருந்தேன். அரிசி மில்லில் வேலை. பெரிய உருவம், பெரிய குரல். அக்காவை அழைத்துப்போக வண்டியில் வந்தவர் மேலே ஏறிவந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, பெண் பார்க்கப் போன கதையைத் தானாகவே சொன்னார்.

"பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமானு எங்கம்மா கேட்டாங்க. இவ உள்ளேருந்து சொல்றா, 'சமைப்பேன், ஆனா உங்களுக்குப் புடிக்குமானு தெரியல'ன்னு. எங்கம்மா எழுந்துடுச்சு. நான்தான் உக்கார வச்சேன்."

"புடிச்சுதா?" என்று கேட்டேன்.

"இருபது வருஷமா துன்னுக்கினு இருக்கறேன். இன்னும் கேக்கலியே அவ!" என்று சிரித்தார். அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டிருந்தார்.

எங்கள் சென்டரில் வேலை இதுதான்: சேலைக்கான பார்டரையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழைக் கணக்கு. வரைந்த ஃபைல் அட்டை அடிக்கிற இடத்துக்குப் போகும். அங்கே துளையிட்ட அட்டைகள் தயாராகித் தறிக்குப் போகும். எந்த இழை மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்தத் துளைகள்தான். இதற்கெல்லாம் எங்களிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப். வரைகிற சாஃப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடும். விற்ற கம்பெனியை மூடி வருடக்கணக்காகிவிட்டது. இன்னொரு லேப்டாப்பில் போட்டால் லைசென்ஸ் கேட்டு நின்றுவிடும். ஆறேழு வருடத்து டிசைன்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

ஒரு திங்கட்கிழமை முதலாளி சென்னையிலிருந்து இரண்டு பெரிய மானிட்டர்களும் ஒரு டாக்கிங் ஸ்டேஷனும் வாங்கிக்கொண்டு வந்தார். வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி வருகிறது. ஒரு திரையில் பார்டரைப் பெரிதாக்கியும் மற்றதில் முழுச் சேலையையும் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. டாக்கிங் ஸ்டேஷன் ஒரு பஞ்சாங்கம் அளவுக்குக் கறுப்பாக இருந்தது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சார்ஜர் எல்லாவற்றையும் அதில் செருகிவிட்டு அதிலிருந்து வரும் ஒரே ஒரு டைப் சி வயரை லேப்டாப்பில் செருகினால் போதும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. மவுஸில் விளக்கு எரிந்தது. கீபோர்டு வேலை செய்தது. இரண்டு மானிட்டரிலும் 'சிக்னல் இல்லை' என்று வந்து, பிறகு இருட்டாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பில் சார்ஜும் இறங்கிக்கொண்டே வருவதைப் பார்த்தேன்.

முதலாளி சென்னைக் கடைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது. "டைப் சி இருந்தா ஓடும் சார். நூறு பர்சென்ட். உங்க லேப்டாப்தான் ஃபால்ட்."

சரியென்று பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து ஒரு ரிப்பேர்க்காரரை வரவழைத்தார். அவர் வயரை எடுத்து ஒரு தடவை செருகினார், ஒரு தடவை உருவினார். அரை நிமிடம் ஆகியிருக்காது. "டைப் சி போச்சு சார். மதர்போர்டு மாத்தணும். நாளைக்குச் சாயங்காலம் குடுத்துடறேன்."

"வியாழக்கிழமைக்குள்ள ஆயிடுமா?"

"நான் சொல்றேன் இல்ல சார்."

முதலாளிக்கு முகம் தெளிந்தது. லேப்டாப்பை அவர் கையில் கொடுக்கவே போய்விட்டார். பை எடுத்துவரவில்லை, சாப்பிட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று ரிப்பேர்க்காரர் போனார். அந்த இடைவெளியில், பிரிண்டர் பார்ப்பதற்காக அக்கா வந்தார்.

முதலாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "போர்டு மாத்திட்டா சரியாயிடும்தானேம்மா?" என்றார்.

"தெரியல சார்."

"தெரியலன்னா அப்பறம் இன்னாத்துக்கு வர்றீங்க?" சள்ளென்று விழுந்தார்.

"பாத்துட்டுச் சொல்றேன்."

அக்கா லேப்டாப்பைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த மாடல் நம்பரை நோட்டில் எழுதினார். பையிலிருந்து லென்ஸை எடுத்து வயர் செருகுகிற ஓட்டையின் பக்கத்தில் இருந்த குறியைப் பார்த்தார். பிறகு போனில் அந்த மாடலுக்கான கையேட்டைத் தேடி எடுத்து உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். நாற்பது நிமிடம் படித்தார். முதலாளி உள்ளே போனார், வெளியே வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா நிமிரவில்லை.

படித்து முடித்ததும் என்னைக் கீழே ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பினார். அவர்களுடைய புது லேப்டாப்பைப் பத்து நிமிடத்துக்கு இரவல் வாங்கி வந்தேன். டாக்கிங் ஸ்டேஷன் வயரை அதில் செருகியதும் இரண்டு மானிட்டரும் பளிச்சென்று எரிந்தன. சார்ஜும் ஏறியது. அடுத்து வயரை எங்கள் பழைய லேப்டாப்புக்கு மாற்றி, டாக்கில் ஒரு பென் டிரைவைப் போட்டார். அதிலிருந்த ஃபைல்கள் திறந்தன.

"சார், டாக்கு நல்லா இருக்குது. உங்க லேப்டாப்பும் நல்லா இருக்குது. ஒண்ணும் போகல."

"அப்பறம் ஏன் படம் வரல?"

"வாய் ஒண்ணா இருக்குது சார், உள்ள இருக்கற வழி வேற. இந்த லேப்டாப்பு வந்த காலத்துல இந்த டைப் சி-ல ஃபைல் மட்டும் போற மாதிரி வச்சிருக்காங்க. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் எல்லாம் போவும். படம் போவாது, கரண்டு ஏறாது. புக்குல போட்டிருக்குது. கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது. பொறந்ததுலேருந்தே அப்பிடித்தான்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, போர்டு மாத்தினா?"

"அதே மாடலுக்கு அதே போர்டுதான் வரும். மறுபடியும் இதே கதைதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னொண்ணு சார். உங்க டிசைன் சாஃப்ட்வேரோட லைசென்ஸ் எதோட கட்டியிருக்குது?" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. அக்கா சாஃப்ட்வேரைத் திறந்து, யாரும் திறந்து பார்க்காத ஒரு மூலையில் நீளமான எண் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதையும் நோட்டில் எழுதினார். "இது போர்டோட நம்பரா, ஹார்டு டிஸ்க்கோட நம்பரா, தெரியல. போர்டோடதா இருந்தா, மாத்தின அன்னிக்கே சாஃப்ட்வேர் ஓடாது. உள்ள இருக்கற டிசைன் ஒண்ணையும் தொறக்க முடியாது. கம்பெனியும் இல்ல, கேக்கறதுக்கு. தெரியற வரைக்கும் யாரும் ஸ்க்ரூவைத் தொட வாணாம்."

ரிப்பேர்க்காரர் பையோடு திரும்பி வந்தபோது முதலாளி அவரிடம், "இப்ப வாணாம்பா" என்று மட்டும் சொன்னார்.

அது போர்டின் எண்தான் என்பதை இரண்டு வாரம் கழித்து அக்கா கண்டுபிடித்துச் சொன்னார். அதே சாஃப்ட்வேரை வைத்திருந்த இன்னொரு சென்டரில் போர்டை மாற்றிவிட்டு மொத்த டிசைன்களையும் இழந்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்த வியாழக்கிழமை ஒரு மானிட்டரை மட்டும் லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்த எச்.டி.எம்.ஐ-யில் நேராக மாட்டினோம். பழைய சார்ஜர் பழையபடி சுவரிலிருந்து. கீபோர்டும் மவுஸும் டாக்கில். இரண்டாவது மானிட்டருக்குத் தனியாக ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறது என்று அக்கா சொன்னார். "ஓடுமானு தெரியல சார். ஓடலன்னா திருப்பி எடுத்துக்கற மாதிரி கேட்டு வாங்குங்க." அடுத்த வாரம் வாங்கினோம், ஓடியது. ஆனால் அந்தத் திரையில் வரைந்தால் கை ஒரு பக்கமும் கோடு ஒரு பக்கமுமாக இழுத்தது. அதனால் முடிந்த படத்தைக் காட்ட மட்டும் அதை வைத்துக்கொண்டோம். பெங்களூர்ப் பார்ட்டி ஒரே திரையைப் பார்த்துத்தான் மூன்று சேலைக்கு டிசைன் சொல்லிவிட்டுப் போனது. முதலாளி அன்றிலிருந்து அக்காவை 'ஏம்மா' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு 'வாங்கம்மா' என்று சொல்லத் தொடங்கினார்.

இதுவரை சொன்னதில் அக்கா நல்லவராகத்தான் தெரிவார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அடுத்த வருடம் ஆடி முடிகிறவரை.

ஒரு பார்ட்டிக்காக மட்டும் நான் வரைந்த அன்னப்பட்சி பார்டர் ஒன்று, டவுனில் வேறொரு கடையின் கண்ணாடிக்குள் சேலையாகத் தொங்கியது. முதலாளியே பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். யாரோ பார்த்து வரைந்திருக்கலாம் என்று சொல்ல வழியில்லை. மூன்றாவது அன்னத்தின் மூக்கில் ஒரு கட்டம் குறைவாக வரைந்திருந்தேன். அது என் தவறு, அட்டை அடித்த பிறகுதான் கவனித்தேன். கடைச் சேலையிலும் மூன்றாவது அன்னத்துக்கு மூக்கு குறைந்திருந்தது. எங்கள் ஃபைலேதான் போயிருக்கிறது.

லேப்டாப்பில் உட்காருகிறவள் நான். முதலாளி என்னிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. அக்காவை வரச் சொன்னார். என்னை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே லேப்டாப்பைப் பார்க்கச் சொன்னார்.

அக்கா ஒரு மணி நேரம் பார்த்தார். எந்தெந்தப் பென் டிரைவ் எப்போது போடப்பட்டது என்று லேப்டாப்பே குறித்து வைத்திருக்குமாம். எனக்கு அது தெரியாது. அந்த மாதத்தில் ஒருநாள் மத்தியானம் நான் என் பென் டிரைவைப் போட்டிருந்தேன். மகனின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விண்ணப்பம் பிரிண்ட் எடுப்பதற்காக. ஆபீசில் சொந்தப் பென் டிரைவ் போடக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. அதனால் அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் வாயைத் திறக்கவில்லை.

"ஆபீசுது இல்லாத பென் டிரைவ் ஒண்ணு போட்டிருக்காங்க சார். இந்தத் தேதி, மத்தியானம் ஒண்ணே கால் மணிக்கு."

"யாரு?"

"தெரியல."

"டிசைனை அதுலதான் எடுத்தாங்களா?"

"தெரியல. போட்டது தெரியுது. எடுத்தது எதுவும் இதுல பதிவாவல."

"கவிதாவா இருக்குமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"தெரியல சார்."

"அப்ப கவிதா இல்லன்னு சொல்றீங்களா?"

"அதுவும் தெரியல."

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருடமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவருடைய மீன் குழம்பு எனக்கு, என்னுடைய புளியோதரை அவருக்கு. என் மகனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்தவர். 'அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல சார்' என்று ஒரு வரி. அதைச் சொல்ல அவருக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்?

முதலாளி என்னை வெளியே போகச் சொன்னார். கதவு முழுதாக மூடவில்லை. "அவளாத்தான் இருக்கணும். நீங்க அப்பிடின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பது காதில் விழுந்தது. அக்காவின் பதில் கேட்கவில்லை. பேப்பரில் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. அக்கா வெளியே வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது முதலாளி என் பையைப் பார்ப்பார். வாங்கித் திறக்க மாட்டார், சும்மா பார்ப்பார். இரண்டு மாதம் அப்படிப் போனது. அக்கா வந்தால் நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவேன். அவர் கூப்பிடவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தனியாகச் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

ஒருநாள் மேஜை டிராயரில் பழைய சாம்பிள் தேடும்போது அக்கா அன்று எழுதிக் கொடுத்த பேப்பர் கிடைத்தது. டீச்சர் கையெழுத்து மாதிரி உருண்டையான எழுத்து. மேலே மூன்று வரி, பார்த்தவை. கீழே கோடு போட்டு மூன்று வரி: யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. எந்த ஃபைல் போனது என்று தெரியவில்லை. இந்த லேப்டாப்பிலிருந்துதான் போனதா என்பதும் தெரியவில்லை. கையெழுத்து, தேதி.

அடுத்த தடவை அக்கா வந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்தப் பென் டிரைவ் என்னோடதுதான். பையனுக்கு ஃபார்ம் பிரிண்ட் எடுத்தேன். டிசைன் எடுக்கல."

"சரிம்மா."

"நம்பறீங்களா?"

"நம்பறேன்."

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினார். "அவரு நம்பறியானு கேக்கல கவிதா. தெரியுமானு கேட்டாரு."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் வந்தது. அவர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரம் எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் வாக்கில் விஷயம் வெளியே வந்தது. எங்களுக்கு அட்டை அடித்துக் கொடுத்தவர்கள் ஒரு செட் கூடுதலாக அடித்து வெளியே கொடுத்திருக்கிறார்கள். வேறு இரண்டு சென்டர்களின் டிசைனும் அப்படிப் போய், அவர்கள் சண்டைக்குப் போனதில் தெரிந்தது. மறுநாள் முதலாளி டீ சொல்லும்போது எனக்கும் சேர்த்துச் சொன்னார். பென் டிரைவ் விஷயத்தை நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. அக்காவும் சொல்லியிருக்க மாட்டார். அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அங்கே இருந்தேன். பிறகு வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். அக்காவை எப்போதாவது பஸ்ஸில் பார்ப்பது, கையாட்டுவது என்று ஆகிவிட்டது.

கடைசியாகப் பார்த்தது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில். மத்தியானம், நல்ல வெயில். வாலாஜாபாத் பஸ் நிற்கிற இடத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், சால்வை போர்த்திக்கொண்டு. அந்தப் பெரிய உடம்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரிப் பை, உள்ளே ஸ்கேன் படங்களின் பெரிய உறை.

என்னைப் பார்த்ததும் அக்கா நகர்ந்து இடம் விட்டார். ஈரல் என்றார். செங்கல்பட்டிலும் பார்த்தார்கள், இங்கேயும் பார்த்தார்கள், இனி மாத்திரைதான் என்றார்கள் என்றார். ரிப்போர்ட் முழுவதையும் படித்திருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தேடி நோட்டில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைக் காட்டினார். டாக்டர் இத்தனை நாள் என்று எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

அந்தப் பக்கமாக வந்த ஒரு பூக்காரம்மா, "சரியாயிடும்மா, பெருமாள் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பெஞ்சின் மறு ஓரத்தில் இருந்த பெரியவர் தன் தம்பிக்கும் இதுதான் வந்தது, கீழாநெல்லி கொடுத்தோம், இப்போது வயலுக்குப் போகிறான் என்றார். அக்கா இருவருக்கும் தலையாட்டினார்.

இவரிடம் போய்ச் சும்மா எதையாவது சொல்ல முடியாது. அதனால் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். உத்திரமேரூர் பஸ் ஒன்று வந்து நின்றுவிட்டுப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா என் பக்கம் திரும்பினார். கணவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"கவிதா, நீ ஒண்ணும் சொல்லலியே."

"இன்னாக்கா சொல்றது?"

"சரியாயிடும்னு சொல்லேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் கண் காய்ந்துதான் இருந்தது.

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்கிறேன் என்று உறைத்தது.

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். சும்மா சொல்லு."

"சரியாயிடும்க்கா."

அவர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். வாலாஜாபாத் பஸ் உள்ளே திரும்பியது. எழுந்து ஒரு கையால் கணவரைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் என் முழங்கையைப் பிடித்தார்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அவரை இந்தப் பக்கம் நான் பிடித்துக்கொள்ள, அந்தப் பக்கம் அக்கா பிடித்துக்கொள்ள, படியில் ஏற்றினோம்.